வியாழக்கிழமை வாசகி

அத்தியாயம் பதினொன்று

அந்தச் சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்:

என் அம்மா பெனினா. கிசுமு பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய புத்தகக் கடை வைத்திருப்பவள். ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அகேயோ அம்மா என்றால்தான் தெரியும்.

என் அக்கா அகேயோ. பெண் கேட்க வந்தது அவளைத்தான்.

பெரியப்பா ஓயூகி. அப்பா இறந்த பிறகு எங்கள் குடும்பத்துக்காகப் பேசும் வேலையை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவர்.

ஒகுட்டு. அக்கா கட்டிக்கொள்ள நினைக்கும் ஆள். நகரக் குடிநீர் அலுவலகத்தில் இன்ஜினீயர்.

ரிஸ்பா டீச்சர். ஒகுட்டுவின் அத்தை. பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தவர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

கடைசியாக நான், ஒபுரா. கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஏரிக்கரை ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தவனை எழுப்பி, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

அடுப்பில் ஒரு கோழி இருந்தது. அது வெந்து முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதுவரை நடந்தது உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்குப் பரிசமாகப் பெரியப்பா கேட்ட மாடுகளின் எண்ணிக்கையைக் கேட்டு ஒகுட்டு சிரித்தான். பெரியப்பா சிரிக்கவில்லை. அம்மாதான் நடுவில் புகுந்து பேச்சை ஆயியேவுக்குக் கொண்டு வந்தாள். எங்கள் பக்கம் பெண்ணின் அம்மா வாயால் “ஆயியே”, ஒத்துக்கொண்டேன், என்று சொன்னால்தான் சம்மதம். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம். ஆனால் ஆயியேவுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் வீட்டைத் தானே வந்து பார்ப்பேன் என்று ரிஸ்பா டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அவர் வேண்டாம் என்றால் ஒகுட்டு மீற மாட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு இருப்பது ஒரே ஒரு ஆள்.

டீச்சரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது ஒன்று. அவருடைய பள்ளியில் ஒவ்வொரு பருவம் முடியும்போதும் பெண்களின் பெட்டிகளைச் சோதனை போடுவார். அகப்பட்ட நாவல்களையெல்லாம் சமையல்கட்டுக்குப் பின்னால் குவித்து எரிப்பார். எரிந்தவற்றில் பாதி எங்கள் கடையிலிருந்து போனவை.

அப்படிப்பட்டவர் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். சுவர் தெரியவில்லை. தரையிலிருந்து ஜன்னல் வரை புத்தகம்.

“வீட்டுலயுமா?” என்றார்.

“கடையில இடம் பத்தல டீச்சர்,” என்றாள் அம்மா.

“இதுல உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு?”

“புரியல டீச்சர்.”

“வாழ்க்கை வரலாறு, சரித்திரம், விவசாயம், இதெல்லாம் உண்மை. மத்ததெல்லாம் பொய். எது அதிகம்னு கேட்டேன்.”

“பாதிக்குப் பாதி டீச்சர்,” என்றார் பெரியப்பா. “சர்ச்சுக்கு வர்ற ஜனம் மாதிரி.”

ஒகுட்டு இருமினான். டீச்சர் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, அவர் இருந்த நாற்காலி காலியாக இருப்பது போல அக்கா பக்கம் திரும்பினார்.

“ஆளுக்கேத்த புத்தகம் எடுத்துக் கொடுப்பியாமே. இவன் சொன்னான்.”

“முயற்சி பண்ணுவேன் டீச்சர்.”

“எப்படி? முகத்தைப் பார்த்தா?”

“இல்ல டீச்சர். எந்தப் புத்தகத்தைப் பாதியில விட்டீங்கன்னு கேட்பேன். பிடிச்சது எதுன்னு கேட்டா எல்லாரும் பெருமைக்கு ஏதாவது சொல்லுவாங்க. பாதியில விட்டதைக் கேட்டா கோபமா வரும், நிஜமா வரும்.”

டீச்சருக்கு அது பிடித்திருந்தது. புருவம் அசைந்தது. “இவருக்கு என்ன கொடுத்தே?”

இவர் என்றது பெரியப்பாவை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்கு ஃபுட்பாலைத் தவிர எதுவும் மண்டையில ஏறாது டீச்சர். ஊருக்கே தெரியும். இவ ஒரு கோல்கீப்பரோட கதையைக் கொடுத்தா. நிஜ மனுஷன். ஒரு கோலை விட்டுட்டான். அவ்வளவுதான். அதையே நினைச்சுக்கிட்டு கிழவனாயிட்டான். படிச்சு முடிச்சதும் எழுந்து போய் என் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.”

“எதுக்கு?”

“அது தெரியல. கேட்கணும்னு தோணிச்சு. அவ இன்னும் சந்தேகமாத்தான் பார்க்கறா.”

இந்தத் தடவை அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

“உனக்கு?” டீச்சர் மருமகனைக் கேட்டார்.

“பரீட்சைக்கு கைடு வாங்கத்தான் போனேன் அத்தை. கைடோட சேர்த்து இதையும் எடுத்துட்டுப் போங்கன்னு ஒண்ணைக் கொடுத்தா. ஏரியில முழுகின படகைப் பத்தி. யார் யார் நீந்தினாங்க, யார் திரும்பிப் போய் அடுத்தவனைத் தூக்கினாங்க, எல்லாம் விசாரிச்சு எழுதினது. விடிய விடியப் படிச்சேன். பரீட்சை ஹால்ல தூங்கிட்டேன்.”

“இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே!”

“ரெண்டாவது தடவை பாஸ் பண்ணிட்டேனே அத்தை. முதல் தடவை போனதுக்குச் சண்டை போடத்தான் மறுபடி கடைக்குப் போனேன்.”

“போய்?”

“இன்னொரு புத்தகம் வாங்கிட்டு வந்தேன்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் பாதி வழி வந்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. நான் இப்படிப்பட்ட விஷயங்களில் நம்பிக்கை வைக்கிறவன் இல்லை. இருந்தும் பட்டது.

“சரி, எனக்கு ஒண்ணு கொடு பார்க்கலாம்,” என்றார்.

அக்கா தயாராக இருந்தாள். ராத்திரியே அடுக்கி வைத்திருந்தாள். தேனீ வளர்த்துக் கடனிலிருந்து மீண்ட ஒரு விதவையின் அனுபவம். ரயில் பாதை போட்ட கூலியாட்களைப் பற்றி ஒன்று. ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாளாக ஆஸ்பத்திரி கட்டிய ஒரு நர்ஸின் வாழ்க்கை. ஒரு பொய்கூட இல்லாத அடுக்கு.

“நீங்க பாதியில விட்டது எது டீச்சர்?”

“நான் எதையும் பாதியில விடறவ இல்ல.”

நர்ஸின் வாழ்க்கையை எடுத்துப் பிரித்தார். அம்மா கடலைத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கோழியைப் பார்க்க உள்ளே போனாள்.

இங்கே வியாழக்கிழமை வாசகியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் அத்தியாயத்தில் ஒரு வரி வந்தது. மறந்திருப்பீர்கள்.

எங்கள் கடையில் நாவல்களை வாடகைக்கும் விடுகிறோம். வாடகைக்குப் போகும் எந்தப் புத்தகமும் நியூஸ்பேப்பர் அட்டை போடாமல் வெளியே போகாது. அம்மாவின் சட்டம் அது. மினி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான். வீட்டில் மாமியார் பார்ப்பாள். நீ என்ன படிக்கிறாய் என்பது உனக்கும் அந்தப் பேப்பருக்கும் நடுவில் இருக்கட்டும் என்பாள்.

சில வருஷங்களாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஓமென்யா என்கிற பைக் டாக்ஸிக்காரன் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிப் போவான். யாருக்கு என்று சொல்ல மாட்டான். “அம்மணிக்கு” என்பான். அம்மணிக்குக் காதல் கதைதான் வேண்டும். ஆனால் அழுமூஞ்சிக் கதாநாயகி கூடாது. டாக்டர் கதாநாயகன் கூடாது. கடல் இருந்தால் நல்லது. இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிந்ததில்லை, திரும்பி வந்த புத்தகங்களைப் பார்த்து அம்மாவும் அக்காவும் கண்டுபிடித்தது. பக்கங்களுக்கு நடுவில் கடலைத் தோல் இருக்கும். நிறுத்திய இடத்தில் கீழ் மூலை மடிந்திருக்கும், ஒரு மடிப்பு இல்லை, ரெண்டு மடிப்பு, கவரை ஒட்டுவது போல. எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயம் மட்டும் தொடாமல் வரும். ஏரிக்காற்று ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பக்கங்கள் ஒட்டியபடியே இருக்கும். கடைசி அத்தியாயம் என்றால் கல்யாணம்.

யாராக இருக்கும் என்று எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரச் சண்டை. பேங்கில் வேலை பார்க்கும் பெண் என்பாள் அக்கா. யாரோ பிஷப் என்பேன் நான். அம்மா எதுவும் சொன்னதில்லை.

அக்காவுக்கு அந்த வாசகி மேல் ஒரு தனிப் பாசம். முகம் தெரியாத ஒருத்திக்காகக் குப்பை மூட்டைகளைக் கிளறுவாள். மொம்பாசாவில் கப்பல் ஓட்டும் ஒரு விதவையைப் பற்றிய கதை, மூன்று பாகம். முதலிரண்டை அனுப்பிவிட்டு மூன்றாவதைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தாள். போன வாரம்தான் கிடைத்தது. அதை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து குதித்தாள். “இதுல கல்யாணமே இல்லடா!”

இப்போது முன்னறைக்கு வருவோம்.

பெரியப்பா மாடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். டீச்சர் காதில் வாங்கியும் வாங்காமலும் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கடலை. தோல் மடியில் விழாமல் பக்கத்தின் மேல் விழுந்தது. இன்னொரு கடலை. பெரியப்பா நேராக ஒரு கேள்வி கேட்டதும் பதில் சொல்ல நிமிர்ந்தார். நிமிரும்போதே கட்டைவிரல் கீழ் மூலையை மடித்தது. அப்புறம் இன்னொரு தடவை மடித்தது.

நான் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் என் மண்டைக்கு அது போய்ச் சேரவில்லை. அக்காவும் பார்த்தாள். அவள் முகம் அப்படி மாறுவதை நான் கடையில் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு புத்தகத்துக்கு உரிய ஆள் வாசலில் வந்து நிற்கும்போது வரும் முகம். அந்த முகம் வந்தால் அவளுக்கு வேறெதுவும் தெரியாது.

“நீங்களா!” என்றாள்.

எல்லாரும் திரும்பினோம்.

“டீச்சர், மூணாவது பாகம் கிடைச்சிடுச்சு! கப்பல்காரி கதை! உங்களுக்காகத்தான் தேடினேன். இதுல கடைசியில கல்யாணம் கிடையாது டீச்சர், நீங்க கடைசி வரைக்கும் படிக்கலாம்!”

அம்மா அந்த நேரம் கை கழுவத் தண்ணீர்க் குடமும் பேசினுமாக வாசலில் நின்றாள். நின்றபடியே நின்றாள்.

சரியான ஆளுக்குச் சரியான புத்தகம். அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. கல்யாணம் பேச வந்த இடத்தில், வளர்த்த பிள்ளைக்கு முன்னால், அவர் கல்யாணம் வரும் பக்கங்களைப் பிரிப்பதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

டீச்சர் மடித்த மூலையைப் பிரித்தார். நகத்தால் நீவித் தட்டையாக்கினார். புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தார்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. “டீச்சர்! அப்போ ஸ்கூல்ல எரிச்சதெல்லாம் படிச்சிட்டுத்தான் எரிச்சீங்களா?”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!” என்றாள் அம்மா. அவள் பெரியப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “ஒகுட்டு, வண்டியை எடு.”

“அத்தை, சாப்பாடு…”

“வண்டியை எடுன்னேன்.”

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா பார்க்கவில்லை. அவள் கை வாயை மூடியிருந்தது, மூட வேண்டிய நேரம் கடந்த பிறகு. கார் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. சம்பந்தி வீட்டுக் கோழியைச் சாப்பிடாமல் போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

“போச்சு,” என்றார் பெரியப்பா. “மாடெல்லாம் கேட்டைத் தாண்டிப் போயிடுச்சு.”

அப்புறம் கோழியை அவர்தான் சாப்பிட்டார்.

*

அம்மா திட்டவில்லை. துணி மாற்றிக்கொண்டு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அன்று கடைக்கு லீவு. நானும் அக்காவும் பின்னாலேயே போனோம்.

கடை திறந்ததும் அம்மா அடுக்கிய அடுக்கையே திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“நான் போய் மன்னிப்புக் கேட்கறேம்மா.”

“போகாதே.”

“ஏன்?”

“எதுக்கு மன்னிப்புன்னு சொல்லித்தானே கேட்பே? மறுபடியும் அதையே சொல்லுவே. இந்தத் தடவை அவங்க வாசல்ல நின்னு.”

“சந்தோஷத்துல வந்துடுச்சும்மா. இத்தனை வருஷமா நான் யாருக்குத் தேடித் தேடி அனுப்பினேனோ, அந்த ஆளு எதிர்ல உட்கார்ந்து கடலை தின்னா…”

“தெரியும்.”

“என் கல்யாணம் நின்னுடுமா?”

“நிக்கலாம்.” அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. எனக்கு அது அவளிடமிருந்துதான் வந்தது. “நின்னா அழு. ஆனா அதை மட்டும் பத்தி அழாதே. நம்மளை நம்பி ஒரு மனுஷி ரகசியமா ஒரு சந்தோஷம் வச்சிருந்தாங்க. அதை நீ ஓயூகி வாயில தூக்கிப் போட்டே.”

அக்கா அழுதாள். சத்தம் இல்லாமல், மூக்கைத் தோள் துணியில் துடைத்துக்கொண்டே. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்ன செய்வது என்று தெரியாததால் ஒரு அட்லஸை எடுத்துப் புரட்டினேன்.

“உனக்கு ஆச்சரியமாவே இல்லையாம்மா?” என்று கேட்டாள் கொஞ்ச நேரம் கழித்து. “ரிஸ்பா டீச்சர்னு தெரிஞ்சதும் எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு.”

அம்மா அடுக்குவதை நிறுத்தவில்லை. “எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

நான் அட்லஸை மூடினேன்.

“நம்ம சர்ச் பாதிரியார் கேனன் வீட்டு சாவுக்குப் போயிருந்தேன். எனக்கு முன் வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. அச்சடிச்ச தாள் கொடுப்பாங்கல்ல, பாட்டெல்லாம் போட்டு. அதோட கீழ் மூலையை மடிச்சாங்க. ரெண்டு மடிப்பு. நான் பாடறதையே மறந்துட்டேன்.”

“எப்போம்மா இது?”

“நீ அந்தப் பையனுக்குப் பரீட்சை கைடு வித்தியே, அதுக்கு முன்னால.”

“அப்போ… ஒகுட்டு யாரோட மருமகன்னு தெரிஞ்சப்பவே…”

“தெரியும்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னிக்கு உளறியிருக்க மாட்டேனே!”

“அது சொல்றதுக்கு என்னோடது இல்ல.”

அதற்கு மேல் அம்மாவிடம் ஒன்றும் பெயராது. எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

ஒரு இளம் போலீஸ்காரன் உள்ளே வந்தான். யூனிஃபார்ம் இல்லை, பூட்ஸ் காட்டிக்கொடுத்தது. அக்காவைத் தேடிக்கொண்டு வந்தவன்.

“அக்கா, ஒரு கதை வேணும். அதுல போலீஸ் இருக்கக் கூடாது. கொலை கூடாது. ஸ்டேஷன்லயே பார்த்து அலுத்துப் போச்சு.”

சாதாரண நாளாக இருந்தால் அவனை உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பாள். அன்றைக்கு அலமாரியைக் காட்டினாள். “எது வேணுமோ எடுத்துக்கங்க.”

அந்தக் கடையில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவே அவனுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்த ஒருவர் எழுதியது, எந்தத் துறைமுகத்தில் என்ன மீன், யார் எப்படி ஏமாற்றினார்கள் என்று. “நிஜமா நடந்ததா?” என்று கேட்டான். “பசியோட படிக்காதீங்க,” என்றாள் அம்மா. அவன் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டு போய்க் கதவில் இடித்துக்கொண்டான்.

அக்கா சிரிக்கவில்லை.

அவன் போனதும் ஓமென்யா வந்தான். சனிக்கிழமையில் அவனை நாங்கள் பார்த்ததே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கவுண்ட்டரில் ஒரு புத்தகத்தை வைத்தான். கப்பல்காரியின் இரண்டாம் பாகம். அட்டை இல்லாமல். மேல்படத்தில் ஒருத்தி நனைந்த உடையோடு பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பேப்பர் எங்கே?” என்றாள் அம்மா.

“அம்மணி கழட்டிட்டாங்க. இப்படியே கொண்டு போன்னாங்க. முன்னாடி கேரியர்ல வச்சுக் கட்டிட்டு வந்தேன்மா, சிக்னல்ல நின்னா பசங்க விசில் அடிக்கறாங்க. எனக்குப் பொண்டாட்டி இருக்கா.”

“வேற என்ன சொன்னாங்க?”

“இனிமே வியாழக்கிழமை வர வேண்டாம்னாங்க.” குரலை இறக்கினான். “என்னம்மா ஆச்சு? நல்ல கிராக்கி எனக்கு. நான் யார்கிட்டயும் வாயே திறக்கலையே.”

“நீ திறக்கல,” என்றாள் அம்மா. “உன் மேல தப்பில்ல.”

அக்கா புத்தகத்தைக் கையில் எடுத்தாள். “கோபத்துல பேப்பரைக் கிழிச்சிட்டாங்க.”

“எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு, இனிமே எதுக்கு மறைக்கணும்னு இருக்கலாம்,” என்றேன் நான்.

“உனக்கு எல்லாம் லேசு. நீ காலேஜை விட்டப்பவும் இப்படித்தான் சொன்னே.”

“அதுவும் சரியாத்தானே போச்சு?”

“ஐஸ் மூட்டை எண்ணறது சரியாப் போனதா?”

“ஒபுரா, ஸ்டூலைக் கொண்டு வா,” என்றாள் அம்மா, எங்களை நிறுத்துவதற்காக. ஸ்டூல் தேவைப்பட்டிருக்காது.

அக்காவின் போன் அடித்தது. ஒகுட்டு. ஸ்பீக்கரில் போட்டாள். இந்தக் குடும்பத்தில் இனி ரகசியத்தால் என்ன லாபம் என்று நினைத்திருப்பாள்.

“அகேயோ, அத்தை அங்க வந்தாங்களா?”

“இங்கயா? இல்லையே. ஏன்?”

“வீட்டுல இல்ல. சர்ச்சுலயும் இல்ல. போனை வச்சிட்டுப் போயிருக்காங்க. வண்டியில வரும்போது ஒரு வார்த்தை பேசல. இறங்கும்போது மட்டும் பேசினாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“விடு, அப்புறம் சொல்றேன்.”

“சொல்லு ஒகுட்டு.”

“நீங்க வேணும்னே சொன்னீங்கன்னு நினைக்கறாங்க. கல்யாணத்துக்கு ஒத்துக்கலைன்னா ஊருக்குச் சொல்லுவோம்னு காட்டறதுக்காக. அந்தக் குடும்பத்துக்கு முதல்லயே தெரியும், தெரிஞ்சுதான் அந்தப் பொண்ணு உன்னை வளைச்சாங்கறாங்க. நான் இல்லைன்னு சத்தியம் பண்ணினேன். உங்க யாருக்குமே தெரியாதுன்னு சத்தியம் பண்ணினேன் அகேயோ. அப்படின்னா மன்னிக்கலாம்னாங்க. உளறல்னா மன்னிக்கலாம், பொறின்னா முடியாதுன்னாங்க. சரிதானே நான் சொன்னது? யாருக்கும் தெரியாதுதானே?”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அம்மா கப்பல்காரிக்குப் புது நியூஸ்பேப்பரை அளந்து கிழித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாது ஒகுட்டு,” என்றாள் அக்கா. “எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.” அது உண்மை. போனை வைத்துவிட்டாள்.

“அம்மா.”

“ம்.”

“அவங்க கேட்டா என்ன சொல்லுவே?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்.”

“அம்மா, நீ சொன்னா அவங்க நம்ம எல்லாரையும்…”

“இரு. பேப்பர் கோணலாப் போகுது.”

பக்கத்துக் கடைகளில் ஷட்டர் இறக்க ஆரம்பித்தார்கள். பஸ் நிலையத்தில் நகுருவுக்கு ஆள் கூப்பிடும் குரல் கட்டையாகிக்கொண்டு வந்தது. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது, போகவில்லை. ஃபோர்மேன் திட்டுவான். திட்டட்டும்.

தெருமுனையில் “டீச்சர், வணக்கம்!”, “டீச்சர், நல்லா இருக்கீங்களா?” என்று ஆளுக்கொருவர் சொல்வது வரிசையாக எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. மாம்பழக்காரி, செருப்புத் தைப்பவன், போன் கார்டு விற்பவள். எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே ரிஸ்பா டீச்சர் நடந்து வந்தார். மதியம் உடுத்திய அதே உடை. ஷூவில் செம்மண். அவர் வீடு இருக்கும் மிலிமானியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

கடை வாசலில் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அலமாரிகளைப் பார்த்தார். காதல் கதைகள் எந்தப் பக்கம் என்று அவர் கண் தேடியதாக எனக்குத் தோன்றியது. தோன்றியதுதான், சத்தியம் செய்ய மாட்டேன்.

அக்கா எழுந்தாள். “டீச்சர், நான்…”

“நீ பேசாதே. இன்னிக்கு நீ பேசினது போதும்.” குரல் உயரவில்லை. களைத்திருந்தது. “உன்கூடப் பேச வரல. உங்கம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்கணும். அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு மார்க்கெட் முழுக்கச் சொல்றாங்க. அதான் ஒகுட்டுவைக் கேட்டுட்டு விட்டுடாம இவ்வளவு தூரம் வந்தேன்.”

அம்மா கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “கேளுங்க டீச்சர்.”

“அந்தப் புத்தகமெல்லாம் எனக்குத்தான் வருதுன்னு உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

மாம்பழக்காரி கூடையைக் கட்டுவது போல நின்றாள். கட்டவில்லை. தெருவில் அரை டஜன் காது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

“இது வாசல்ல நின்னு பேசற விஷயம் இல்ல,” என்றாள் அம்மா. “உள்ள வாங்க. ஒபுரா, அகேயோ, ரெண்டு பேரும் வெளியில இருங்க.”

“அம்மா, நானும்…”

“வெளியில.”

நாங்கள் இறங்கினோம். டீச்சர் படியேறினார். ஏறும்போது அக்காவின் பக்கம் ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அக்காவின் தோளில் ஒட்டியிருந்த ஒரு துண்டுப் பேப்பரை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தலைமையாசிரியைகள் எல்லாப் பெண்களுக்கும் அப்படிச் செய்வார்களாயிருக்கும்.

அம்மா கதவில் கை வைத்தாள். டீச்சரின் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. அக்கா அந்த முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மாவைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தாள். சத்தம் இல்லை. எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது.

இன்னிக்குத்தான்னு சொல்லு. இந்த ஒரு தடவை மட்டும்.

அம்மா அவளைப் பார்த்தாள். அப்படி ஒரு அன்போடு அவள் எங்களில் யாரையும் பார்த்து எனக்கு நினைவில்லை. அந்த அன்புதான் எனக்கு நல்லதாகப் படவில்லை. தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து சாவி திரும்பியது.